தகரத்தில் காய்ந்த படை

அரிசிக்கூழ் வத்தலுக்கும் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் உரித்த வேர்க்கடலைக்கும் நடுவில் என் படை காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் மாட்டுக் கொட்டகையின் தகரக் கூரை மேல். சித்திரை மாத மதியத்தில் அதன் மேல் கை வைக்க முடியாது. கல்லூரியில் அரைநாள் வேலை முடித்து, விழுப்புரத்திலிருந்து பேருந்தில் வந்து இறங்கிய என்னிடம் அம்மா வாசலிலேயே பெருமையாகச் சொன்னாள்.

"உன் பொம்மையெல்லாம் மேல காய வச்சிருக்கேன் பாப்பா. இந்நேரம் முறுக்காட்டம் காஞ்சிருக்கும்."

தோள்பையை இறக்காமலே ஏணியில் ஏறினேன். காலையில் நான் கிளம்பும்போது நெஞ்சை நிமிர்த்தி நின்ற பன்னிரண்டு வீரர்களும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு மனித உடல், கொக்கின் தலை. நீண்ட மெல்லிய கழுத்து. அந்தக் கழுத்துதான் முதலில் இளகியிருந்தது. சிலருக்குக் கணுக்காலும் இளகி உடம்பே முன்னால் சாய்ந்திருந்தது. ஒருவனுடைய அலகு அவன் மார்பைத் தொட்டது.

மறுநாள் காலை அவர்கள் திண்டிவனத்தில் போருக்கு நிற்க வேண்டும்.

இந்த விளையாட்டு பலருக்குத் தெரிந்திருக்காது. ஒரு பெரிய மேசை. அதன் மேல் தெர்மகோலில் செய்த மேடு, கரை, வயல், கோட்டை. அரை விரல் உயர வீரர்கள். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, அளவுகோலால் அளந்து வீரர்களை நகர்த்தி, பகடை உருட்டிப் போர் செய்வோம். வெளிநாட்டில் இதற்கென்று பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். அவை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் நாடும் எங்களுடையது, விதியும் எங்களுடையது, வீரர்களும் நாங்கள் செய்தவர்கள்தான்.

நாங்கள் நான்கு பேர். திண்டிவனத்தில் மருந்துக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். அவர் கடை மாடியில்தான் மேசை இருந்தது. அதே ஊரில் மல்லாட்டை மண்டி வைத்திருக்கும் குடும்பத்துப் பையன் ஒருவன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். என்னோடு கல்லூரியில் படித்த தோழி. விழுப்புரத்தில் ஒரு பாலிடெக்னிக் ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். அங்கே இருக்கும் முப்பரிமாணப் பிரிண்டரில், பிரின்சிபால் அனுமதியோடு, எங்கள் வீரர்களை அச்செடுத்துக் கொடுத்தவள் அவள். நான்காவது ஆள் நான்.

கதைப்படி ஒரு பேரேரி. அதைச் சுற்றி நான்கு நாடுகள். எனக்குக் கிடைத்தது கால்வாயின் கடைசியில் இருக்கும் கடைமடை நாடு. மண்டிக்காரப் பையனுடையது மேட்டு நாடு; அவன் வீரர்கள் கரடி முகமும் கையில் வில்லும் கொண்டவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் போரின் முடிவு அடுத்த போருக்கும் தொடரும். தோற்றால் வரைபடத்தில் நாடு சுருங்கும். அப்படிச் சுருங்கிச் சுருங்கி என்னிடம் மிஞ்சியிருந்தது ஏரியின் மதகு ஒன்றுதான்.

நாடு முழுவதையும் இழந்தவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும் என்பது முதல் நாளே பேசிக்கொண்ட விதி. அந்த நாற்காலிக்கு மண்டிக்காரப் பையனின் சித்தப்பா மகன் ஆறு மாதமாகக் காத்திருந்தான். உண்மையில் அது அவனுக்கென்று வைத்திருந்த இடம். அவன் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போயிருந்த சமயத்தில் என் தோழி என்னை அழைத்துப் போய் உட்கார வைத்துவிட்டாள். ஆறு மாதத்துக்கு முன் அவன் திரும்பி வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மதகு போனால் என் இடமும் போகும்.

ஒரு விளையாட்டுக்கு இவ்வளவா என்று கேட்பார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். முதல் பட்டதாரிச் சான்றிதழை நானே வரிசையில் நின்று வாங்கியவள். படிப்பும் வேலையும் தேவைக்காக வந்தவை. அவற்றை நான் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல முடியாது. எந்தத் தேவைக்கும் இல்லாமல், பிடித்திருக்கிறது என்பதற்காக மட்டும் நான் போய் உட்கார்ந்த முதல் இடம் அந்த நாற்காலி. அதோடு எனக்கு வண்ணம் தீட்ட வரும். நன்றாகவே வரும். அந்த மேசையில் இருந்த வீரர்களில் பாதிப் பேருக்கு நிறம் கொடுத்தது என் கை. கரடிப் படைத் தலைவனின் கண்ணுக்குள் இருக்கும் மஞ்சள் புள்ளிகூட ஈர்க்குச்சி முனையால் நான் வைத்ததுதான்.

இன்னொரு விதியும் இருந்தது. நிறம் முடியாத வீரன் களத்தில் இறங்கக் கூடாது. உடம்பில் எங்காவது வெறும் பிளாஸ்டிக் தெரிந்தால் அவன் கணக்கில் இல்லை. அந்த விதியைக் கொண்டுவரச் சொன்னவளே நான்தான். அதனால்தான் வெள்ளிக்கிழமை மாலை அந்தச் சங்கடம் வந்தது. கழுத்துக்குச் சாம்பலும் வெள்ளையும் மாற்றி மாற்றி நான்கு பூச்சு கொடுத்து முடித்திருந்தேன். மேலாடைக்குச் சிவப்பு வேண்டும். அக்ரிலிக் சிவப்புக் குப்பியைத் திறந்தால் உள்ளே கட்டியாகிக் கிடந்தது. கண்டாச்சிபுரம் கடையில் இல்லை. பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு அடித்த எனாமல் டப்பாவில் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. அதை எடுத்துப் பூசினேன். நிறம் அற்புதமாக வந்தது. ஆனால் காயவில்லை. சனிக்கிழமை காலையில் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. ஜன்னலோரம் பலகையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

ஏணியில் நின்றபடியே அம்மாவைக் கூப்பிட்டேன். என் குரலே எனக்குப் பயமாக இருந்தது.

"யாரைக் கேட்டு இங்க கொண்டாந்து வச்ச?"

"இன்னாடி ஆச்சு?"

"ஏறி வந்து பாரு இன்னா ஆச்சுன்னு."

அம்மா ஏறவில்லை. கீழிருந்தே சொன்னாள். "ஒட்டிக்கினு இருந்துச்சு, அதான் வச்சேன். கொம்புக்கு அடிச்சா மாடு வெயில்ல நின்னாத்தான காயும்? உள்ள வச்சிக்கினு இருந்தா ஒரு வாரம் ஆனாலும் காயாது, அந்த பெயிண்டு."

"மாட்டுக் கொம்பு உருகாதும்மா. இது பிளாஸ்டிக். அதுலயும் மக்காச்சோளத்துல செய்யிற பிளாஸ்டிக். சூடு பட்டாலே வளைஞ்சிடும்."

"சோளத்துல செஞ்சதுன்னு நான் இன்னாத்தக் கண்டேன்? மண்ணு பொம்மைன்னு நெனைச்சேன். சாமி கணக்கா அவ்ளோ லட்சணமா இருந்துச்சு."

ஒருவனின் மேலாடையைத் தொட்டுப் பார்த்தேன். எனாமல் மட்டும் நன்றாகக் காய்ந்திருந்தது. அந்த விஷயத்தில் அம்மா சொன்னது சரிதான்.

தோழிக்குப் போன் செய்தேன். வெந்நீரில் முக்கி எடுத்தால் மறுபடி இளகும், நிமிர்த்திப் பிடித்துக் குளிர்ந்த நீரில் வைத்தால் நின்றுகொள்ளும் என்றாள். ஒருவனை எடுத்து முக்கிப் பார்த்தேன். கழுத்து நிமிர்ந்தது. ஆனால் வெந்நீர் பட்டதும் எனாமலும் அதற்குக் கீழே இருந்த பூச்சும் தோல் உரிவதுபோல் உரிந்து வந்துவிட்டன. வெள்ளைப் பிளாஸ்டிக் பளிச்சென்று தெரிந்தது. நிமிர்ந்தவன் நிறம் இழந்தான். விதிப்படி அவன் களத்தில் இல்லை. மற்ற பதினொரு பேரையும் அப்படிச் செய்து மறுபடி நான்கு பூச்சு கொடுக்க நேரமும் இல்லை, சிவப்பும் இல்லை.

"புதுசா பிரிண்ட் எடுக்க முடியாதாடி?" என்றேன்.

"பாலிடெக்னிக் பூட்டியாச்சுடி. திங்கக்கெழமைதான் தொறப்பாங்க. எத்தினி பேரு மிச்சம்?"

"பதினொண்ணு. அப்புறம் தலைவி. அவ மட்டும் நேரா நிக்கிறா." தலைவியைப் போன மாதமே முடித்து அலமாரிக்குள் வைத்திருந்தேன். அவளுக்கு வெயில் தெரியாது.

"அப்ப குனிஞ்சபடியே கொண்டா. வேற வழி?"

சாயங்காலம் செங்கல் சூளையிலிருந்து வந்த அப்பா, கை கால் கழுவிவிட்டு, திண்ணையில் வரிசையாக நின்ற வீரர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நானும் அம்மாவும் சண்டை போட்டிருக்கிறோம் என்பது அவருக்குப் புரிந்திருக்கும்.

"இன்னா பாப்பா, எல்லாக் கொக்கும் மீன் தேடுது?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டேன்.

காலையில் அவர்களை முட்டை அட்டையில், குழிக்கு ஒருவராக நிற்க வைத்து, மேலே துணி மூடிக் கிளம்பினேன். விழுப்புரத்தில் தோழி ஏறிக்கொண்டாள். திண்டிவனம் போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், காற்றில் துணி விலகியதும் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, முட்டைன்னு பாத்தா பொம்மையா இருக்குது. எதுக்கு எல்லாம் குனிஞ்சிக்கினு நிக்குதுங்க? துக்க வீடா?"

"அப்பிடித்தான் அக்கா," என்றாள் தோழி. "சாயங்காலம் தெரியும் யார் வீட்டுலன்னு."

நான் துணியை இழுத்து மூடினேன். பேருந்து விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டியது. தோற்பதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. அந்த அறைக்குள் இவர்களை எப்படிக் கொண்டுபோய் வைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மருந்துக் கடை மாடியில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மேசையின் நடுவே நீளவாட்டில் ஏரிக்கரை. அதன் என் பக்கத்தில், நட்ட நடுவில், தீப்பெட்டி அளவில் மதகு. மண்டிக்காரப் பையன் கரடிகளை ஏற்கெனவே அணிவகுத்து வைத்திருந்தான். அவனுக்குப் பின்னால் முக்காலி போட்டு அவன் சித்தப்பா மகன் உட்கார்ந்திருந்தான், அடுத்த வாரம் தன்னுடையதாகப் போகும் இடத்தைப் பார்த்துக்கொண்டு. எனக்கும் மண்டிக்காரப் பையனுக்கும்தான் போர் என்பதால் மருந்துக் கடை அண்ணன் நடுவர்.

நான் ஒவ்வொருவராக எடுத்துக் கரைக்குப் பின்னால் வைத்தேன். மூன்றாவது ஆளை வைப்பதற்குள் மண்டிக்காரப் பையன் சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

"இன்னா மேடம், வரும்போதே கும்பிட்டுக்கினு வர்றாங்க? சரண்டரா?"

"கும்பிடல. மீன் பாக்குறாங்க. உங்க கரடிங்களுக்குப் பசிக்கும்ல, பிடிச்சுக் குடுக்கலாம்னு."

நடுவர் அண்ணன் சிரித்தார். தோழி மேசையைத் தட்டினாள். அப்பாவுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

எங்கள் போரில் பார்வைதான் எல்லாம். அம்பு எய்ய வேண்டுமானால், எய்பவன் கண்ணிலிருந்து எதிரியின் கண் வரை ஒரு நூலை இழுத்துப் பிடிக்க வேண்டும். நூல் எதன் மேலும் படாமல் போனால் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள் என்று பொருள், அம்பு விடலாம். பட்டால் இருவருக்குமே பார்வை இல்லை. என் வீரர்களுக்குக் கொக்கின் கழுத்து வேண்டுமென்று நான் தோழியிடம் கேட்டதே அதற்காகத்தான். கரைக்குப் பின்னால் நின்றபடி, கரைக்கு மேல் கண்ணை வைத்து, கவண்கல் வீச வேண்டும் என்பது என் திட்டம்.

முதல் சுற்றில் மண்டிக்காரப் பையன் முன்வரிசை வில்லாளியிடமிருந்து நூலை இழுத்தான். நூல் கரையின் உச்சியில் பட்டது. அடுத்த வில்லாளி. அதுவும் பட்டது. எழுந்து நின்று, மேசையைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து மறுபடி இழுத்தான். எங்கே இழுத்தாலும் நூல் கரையில் பட்டது. குனிந்த பதினொரு கொக்குகளும் கரைக்குக் கீழே இருந்தன. தலைவியின் தலை மட்டும்தான் கரைக்கு மேல் எட்டும். அவளையும் நான் மதகின் சுவருக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. என்னால் கல் வீச முடியாது. ஆனால் அவனாலும் ஒன்றும் செய்ய முடியாது. கரடிகள் கரை ஏறி இறங்கி வர வேண்டும். ஏறுவதற்கே ஒரு முழுச் சுற்று போகும், வந்து சேர்பவர்கள் இரண்டிரண்டு பேராகத்தான் வருவார்கள். கடைசிச் சுற்று முடியும்போது என் ஆள் ஒருவர் மதகைத் தொட்டுக்கொண்டு நின்றால் போதும், மதகு என்னுடையது. நான் சும்மா இருந்தாலே போதும்.

அவனுக்கும் அது புரிந்துவிட்டது.

"அண்ணா, இது போங்காட்டம். வேணும்னே கழுத்தை வளைச்சு எடுத்தாந்திருக்குறாங்க. போன மாசம் காட்டுனப்ப நேரா இருந்துச்சு."

நடுவர் அண்ணன் ஒருவனைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா, வேணும்னு செஞ்சதா?"

இரண்டு பதில்கள் இருந்தன. தெரியாது, பிரிண்டர் கோளாறு என்று சொல்லலாம். தோழி என் கால்மேல் காலை வைத்து அழுத்தியதற்கு அதுதான் அர்த்தம். நான் நடந்ததைச் சொன்னேன். சிவப்பு இல்லாமல் போனது, கொம்புப் பெயிண்ட், மாட்டுக் கொட்டகைத் தகரம், வத்தல், மல்லாட்டை, அம்மா. சுருக்கமாக, நடுவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். மண்டிக்காரப் பையன் பக்கம் திரும்பவே இல்லை.

"மாட்டுக் கொம்பு பெயிண்டா!" என்று முக்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

நடுவர் அண்ணன் யோசித்துவிட்டுச் சொன்னார். "வேணும்னு செய்யல. நான் நம்புறேன். களத்துல எப்பிடி நிக்கிதோ அப்பிடித்தான் நூலு. ஆட்டத்தைத் தொடருங்க."

தோழி மூச்சு விட்டாள். மதகு என் கையில் இருந்தது.

மண்டிக்காரப் பையன் நாற்காலியில் சாய்ந்தான். கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது, சலிப்போடு சொன்னான். "சரி போங்க. கும்பிட்டே காரியத்தைச் சாதிச்சுக்கிற ஆளுங்க. நடத்துங்க."

அவன் பொம்மைகளைச் சொன்னானா, எங்களைச் சொன்னானா என்று எனக்கு இன்றும் தெரியாது. அவனுக்கே தெரிந்திருக்காது. எங்கள் தெரு எது என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் ஒருநாளும் பேசியதில்லை. என்னை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்த அன்று, அம்மா பள்ளி அலுவலக மேசைக்கு முன்னால் முதுகை வளைத்து நின்றாள். பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது. யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை, குனியவும் சொல்லவில்லை. அந்த முதுகை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் கேட்டது நடந்தது. எனக்கு இடம் கிடைத்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் அப்படி ஒன்றை வாங்க மாட்டேன்.

"அண்ணா," என்றேன். "எல்லாரையும் நிமிந்ததா கணக்கு வச்சிக்கோங்க."

"ஏய் லூசு!" தோழி என் தொடையில் கிள்ளினாள். வலித்தது. "தீர்ப்பு குடுத்தாச்சுடி. வாயை மூடிக்கினு ஆடு."

நடுவர் அண்ணன் என்னையே பார்த்தார். "நல்லா யோசிச்சிக்கோம்மா. சொன்னா சொன்னதுதான். அப்புறம் மாத்த முடியாது. நாற்காலி விஷயம் வேற இருக்குது."

"தெரியும்ணா."

"இவங்களுக்கு இன்னாதான் வேணும்?" என்றான் மண்டிக்காரப் பையன். நிஜமாகவே குழம்பிப் போயிருந்தான்.

நிமிர்ந்த உயரம் எவ்வளவு என்று எப்படிக் காட்டுவது? நேராக நின்ற தலைவியை அளவாக வைத்தோம். நடுவர் அண்ணன் கீழே கடைக்குப் போய்த் தீப்பெட்டி எடுத்து வந்தார். ஒவ்வொரு கொக்கின் முதுகுக்குப் பின்னாலும், தலைவியின் கண் உயரத்துக்கு வெட்டிய ஒரு தீக்குச்சியை, சிவப்பு மருந்து வைத்த முனை மேலே இருக்கும்படி, களிமண் வைத்து நட்டோம். அந்தச் சிவப்பு முனைதான் அவர்கள் கண். நானே நட்டேன். கரைக்கு மேலே பதினொரு சிவப்புப் புள்ளிகள் வரிசையாக எழுந்து நின்றன.

பிறகு நடந்தது நல்ல போர் இல்லை, அடிதடி. அவன் வில்லாளிகள் என்னைவிட இரண்டு மடங்கு. முதல் அம்பு மழையிலேயே மூன்று பேர் விழுந்தார்கள். விழுந்தவனை எடுத்துக் குச்சியோடு மேசை ஓரத்தில் படுக்க வைக்க வேண்டும். என் முறை வந்தது. நூலை இழுத்தேன். கரையில் படாமல் காற்றில் நேராக நின்றது. கவண்கல்லுக்குப் பகடை உருட்டினேன். இரண்டு கரடிகள் விழுந்தன. மறுபடி உருட்டினேன். இன்னும் இரண்டு. மண்டிக்காரப் பையன் சிரிப்பதை நிறுத்தியிருந்தான். நடுவரைக் கூப்பிட்டு ஒவ்வொரு நூலையும் சரிபார்க்கச் சொன்னான். நானும் சொன்னேன். இருவரும் ஒரே நூலின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் குனிந்து பார்த்தோம்.

"படுது."

"படல. நல்லா பாருங்க, கீழ வெளிச்சம் தெரியுது."

"அண்ணா, படுதா இல்லியா?"

"படல. உருட்டும்மா."

நான்காம் சுற்றில் என்னிடம் ஐந்து பேர் இருந்தார்கள். கரடிகள் கரை ஏறத் தொடங்கின. ஏறும்போது அவற்றால் எய்ய முடியாது. அந்த ஒரு சுற்றில் நான் முடிந்தவரை அடித்தேன். ஐந்தாம் சுற்றில் அவை இறங்கி வந்தன. கைகலப்பு. தோழி கண்ணை மூடிக்கொண்டாள். என் பக்கம் ஒருவர் ஒருவராக மேசை ஓரத்துக்குப் போனார்கள். கடைசிச் சுற்று ஆரம்பித்தபோது மதகைத் தொட்டபடி தலைவியும், குனிந்த ஒரு கொக்கும் மட்டும் இருந்தார்கள். எதிரே மூன்று கரடிகள். முதல் கரடி தலைவியை வெட்டியது. அவளை நானே எடுத்து வைத்தேன். இரண்டாவது கரடியின் பகடையில் ஒன்று விழுந்தது. அவன் மேசையைக் குத்தினான். மூன்றாவது, கரைமேல் இருந்த வில்லாளி. நூல் தெளிவாகப் போனது. அளக்கவே வேண்டாம், நானே சொன்னேன், "தெரியுது, உருட்டுங்க."

நான்குக்கு மேல் விழுந்தால் அவனுக்கு மதகு. ஐந்தோ ஆறோ. அவன் பகடையை உள்ளங்கையில் போட்டுக் குலுக்கினான். அவன் சித்தப்பா மகன் முக்காலியை விட்டு எழுந்து நின்றான். பகடை மேசையில் விழுந்து, கரையில் மோதி, துள்ளித் தரையில் உருண்டது. தரையில் விழுந்தால் செல்லாது. குனிந்து பார்த்த தோழி, "ஆறு," என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"செல்லாது," என்றார் நடுவர் அண்ணன். "திரும்ப உருட்டு."

மண்டிக்காரப் பையன் மறுப்புச் சொல்லவில்லை. அதை நான் சொல்லத்தான் வேண்டும். பகடையை எடுத்து, இந்த முறை மெதுவாக, என் கண்ணுக்கு நேராக உருட்டினான். அது இரண்டு புரள் புரண்டு நின்றது.

நான்கு.

நடுவர் அண்ணன் சுவரில் இருந்த வரைபடத்துக்குப் போய், மதகின் மேல் இருந்த என் நாட்டின் நீலப் புள்ளியை அப்படியே விட்டு, தேதியைக் குறித்தார். முக்காலிக்காரன் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினான்.

அந்த நாற்காலியைக் காப்பாற்றியது என் ரோஷம் இல்லை, பகடை. அது எனக்கு நன்றாகத் தெரியும். முதல் உருட்டல் மேசைக்குள் நின்றிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். திரும்பி வரும் வழியெல்லாம் தோழி இதைத்தான் சொல்லித் திட்டினாள். அவள் சொன்னது ஒவ்வொன்றும் சரி. மறுபடி அப்படி ஒரு நாள் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டாள். குச்சி நடுவேன் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆனால் அதற்கு முன், மாடியில், மண்டிக்காரப் பையன் கரடிகளை எடுத்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டான்.

"அடுத்த வாரம் வர்றீங்கதான?"

"எங்க போவேன்? என் சேர் இங்கதான இருக்குது," என்றேன். மதகுக்குப் பக்கத்தில் நின்றவனை எடுத்து முட்டை அட்டையின் குழியில் வைத்தேன். குச்சியைப் பிடுங்கவில்லை.